முதுகில் போடும் ஊசிக்குப் பின்னால் ஒரு வரலாறு



கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகள் உள்ள வீட்டார் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வகுப்பாசிரியராக இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் தரம் 5 இல் ஒரு மகன் படித்தார். பெயர் வேண்டாம். வாப்பா கடல் தொழில். தரம் 3 இல் இருக்கும்போது அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். உம்மா அவரைத் தூக்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் மஹரகமவுக்குப் போய் மாதக்கணக்கில் கிடந்தார். ஊரே துஆச் செய்தது. முடி கொட்டிப்போன தலையோடு திரும்பி வந்தார். பிறகு முடி முளைத்தது, கன்னம் வைத்தது, கடற்கரையில் கிரிக்கெட் விளையாடினார். "அல்ஹம்துலில்லாஹ், சுகமாகிட்டு" என்று எல்லோரும் சொன்னோம்.

ஆனால் மருந்து முடிந்திருக்கவில்லை. இன்னும் கிளினிக் இருந்தது. முதுகில் போடும் ஊசி பாக்கி இருந்தது. வீட்டில் அந்த ஊசிக்குப் பயம். "முள்ளந்தண்டில குத்தினா கால் விளங்காமப் போயிடும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நாங்களும் சும்மா இருக்கவில்லை. "புலமைப்பரிசில் வருடம், பிள்ளைய அடிக்கடி மறிக்காதீங்க" என்று உம்மாவிடம் சொன்னவர்கள் நாங்கள்தான். கிளினிக் ஒன்று தவறியது, பிறகு இன்னொன்றும் தவறியது.

ஒரு தவணையில் அவர் காலையில் தலையிடி என்று சொல்லத் தொடங்கினார். காலைக் கூட்டத்தில் இரண்டு தடவை சத்தி எடுத்தார். வெறும் வயிற்றோடு வந்திருப்பார் என்று நினைத்தோம். கரும்பலகையில் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றார். படிக்கக் கள்ளம் என்று ஏசினோம். ஒருநாள் வகுப்பிலேயே வலிப்பு வந்தது. பரிசோதித்த வைத்தியர் பிறகு எங்களுக்கு விளங்கப்படுத்தினார்: "இரத்தம் சுத்தமாகத்தான் இருக்கிறது. நோய் மூளையைச் சுற்றியுள்ள நீரில் திரும்பி வந்திருக்கிறது."

அந்த மகன் பரீட்சைக்கு முன்னரே மௌத்தாகிவிட்டார்.

ஊசி தவறியதால்தான் இப்படி ஆனது என்று எங்களால் சொல்ல முடியாது. எல்லாம் ஒழுங்காகச் செய்த பிள்ளைகளிலும் ஒரு சிலருக்கு நோய் திரும்புகிறது. ஆனால் ஏன் அந்த ஊசி என்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த உம்மாவிடம் நாங்கள் அப்படிப் பேசியிருக்க மாட்டோம். அதனால்தான் தேடி வாசித்தோம். அந்த ஊசிக்குப் பின்னால் எழுபது எண்பது வருட வரலாறு இருக்கிறது. அதில் நமது பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள்.

முதலில் நம் வீட்டு மார்மைட் போத்தலில் இருந்து தொடங்குவோம்.

1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் இரத்தம் குறைந்து செத்துக்கொண்டிருந்தார்கள். மார்மைட் கொடுத்தபோது அவர்களுக்கு இரத்தம் ஊறுவதைக் கண்டார். 1931 இல் அதை எழுதி வெளியிட்டார். மார்மைட்டில் இருந்த அந்தச் சத்துத்தான் பிற்காலத்தில் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று நம் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் குளிசை அதுதான்.

இரத்த அணுக்கள் பெருகுவதற்குப் போலிக் அமிலம் வேண்டும். அப்படியானால் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தால் என்ன? இப்படி நினைத்தவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் இருந்த சிட்னி ஃபார்பர். கொடுத்துப் பார்த்தபோது சில பிள்ளைகளுக்கு நோய் இன்னும் வேகமாக ஏறியது. எரியும் நெருப்பில் எண்ணெய் விட்டது போல. அந்தத் தோல்வியில் இருந்துதான் அவருக்கு வழி கிடைத்தது. போலிக் அமிலம் நோயை வளர்க்கிறது என்றால், அதைத் தடுக்கும் பொருள் நோயைப் பட்டினி போட வேண்டுமே?

அந்தத் தடுப்புப் பொருளைச் செய்து கொடுத்தவர்களின் தலைவர் ஓர் இந்தியர். எல்லாப்ரகட சுப்பாராவ். 1895 இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்த தெலுங்கர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டு, கதர் உடுத்திக் கொண்டு சத்திரசிகிச்சை வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தரப் பட்டம் வாங்கியவர். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். பிறகு லெடர்லே என்ற மருந்துக் கம்பனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். அங்கே அவருடைய குழு தயாரித்த அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் ஃபார்பர் 1947 இன் இறுதியில் முதன்முதலாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.

1948 ஜூனில் முடிவு வெளிவந்தது. 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. வாரக்கணக்கில் மௌத்தாகிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள். அதற்கு முன் உலகத்தில் எந்த மருந்தும் இதைச் செய்ததில்லை. ஆனால் அந்தச் சுகம் சில மாதங்கள்தான். எல்லோருக்கும் நோய் திரும்பியது. சுப்பாராவ் அதே வருடம் ஓகஸ்டில் காலமானார்.

அதன் பிறகு மருந்துகள் ஒன்றொன்றாக வந்தன. அமினோப்டெரினின் இடத்துக்கு மெதோட்ரெக்ஸேட் வந்தது. கெர்ட்ரூட் எலியன் என்ற பெண் விஞ்ஞானியும் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸும் கண்டுபிடித்த மேர்கப்டோபியூரின் 1953 இல் பாவனைக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் வின்கிரிஸ்டின் வந்தது. அது எதில் இருந்து எடுக்கப்படுகிறது தெரியுமா? நம் மையவாடிப் பக்கம், வேலியோரம், கடற்கரை மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் பட்டிப்பூச் செடியில் இருந்து. நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஃப்ரை, ஃப்ரைரைக் என்ற இரண்டு வைத்தியர்கள் இப்படியான நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது பலர் அவர்களை ஏசினார்கள், பிள்ளைகளை நஞ்சு கொடுத்து வதைக்கிறார்கள் என்று. ஆனால் இரத்தத்திலும் என்பு மச்சையிலும் நோய் காணாமலே போனது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். பாடசாலைக்குப் போனார்கள்.

பிறகு சில மாதங்களில் அந்தப் பிள்ளைகளில் பலர் திரும்பி வந்தார்கள். தலையிடி, காலையில் சத்தி, இரண்டிரண்டாகத் தெரிதல், வலிப்பு. என்பு மச்சையைப் பரிசோதித்தால் சுத்தம். முதுகில் ஊசி குத்தி நீரை எடுத்துப் பார்த்தால் அங்கே புற்றுநோய் அணுக்கள் நிறைந்திருந்தன.

இதை வாசித்தபோது கொஞ்ச நேரம் எங்களால் மேலே வாசிக்க முடியவில்லை. எங்கள் வகுப்பறையில் நடந்தது அப்படியே அங்கே நடந்திருந்தது, அறுபது வருடத்துக்கு முன்.

ஏன் இப்படி?

1885 இல் ஜெர்மனியில் போல் ஏர்லிக் என்ற விஞ்ஞானி விலங்குகளின் இரத்தத்தில் சாயம் செலுத்தினார். உடம்பு முழுக்கச் சாயம் ஏறியது. மூளையும் முள்ளந்தண்டு வடமும் மட்டும் நிறம் மாறவில்லை. அவருடைய மாணவர் கோல்ட்மன் 1913 இல் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் விட்டார். மூளை நிறம் மாறியது, உடம்பு மாறவில்லை. அதாவது இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. இரத்தத்தில் உள்ள நஞ்சும் கிருமியும் மூளைக்குள் போகாமல் காக்கவென்று படைத்தவன் வைத்த காவல் அது.

அந்தக் காவல்தான் இங்கே சிக்கலானது. குளிசையாகவும் நாளத்தில் ஊசியாகவும் கொடுக்கும் மருந்துகளில் பல அந்தச் சுவரைப் போதுமான அளவு தாண்டுவதில்லை. ஆனால் நோய் தொடங்கிய காலத்திலேயே சில புற்றுநோய் அணுக்கள் உள்ளே போய்ப் பதுங்கிவிடுகின்றன. சம்மாந்துறை, நிந்தவூர் விவசாயிகளுக்கு இது உடனே விளங்கும். வயல் முழுக்கக் களை எடுத்துவிட்டு வரம்பை விட்டால் என்ன ஆகும்? வயல் பச்சையாகத்தான் தெரியும். அடுத்த மழைக்கு வரம்பில் இருந்து களை இறங்கும்.

இந்தப் புதிரை அவிழ்த்தவர் டொனால்ட் பிங்கல். குழந்தை வைத்தியர். இளம் வயதில் போலியோ வந்து நடக்கச் சிரமப்பட்டு மீண்டவர். 1962 இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட சென்ட் ஜூட் ஆராய்ச்சி வைத்தியசாலையின் முதல் பணிப்பாளர்.

அந்த வைத்தியசாலை எப்படி வந்தது என்பதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விடயம். டனி தோமஸ் என்ற நடிகர், லெபனானில் இருந்து குடியேறிய ஏழைக் கிறிஸ்தவ அரபுக் குடும்பத்துப் பிள்ளை. தங்களுக்கு வாழ்வு தந்த நாட்டுக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று லெபனான், சிரியாவில் இருந்து வந்த அரபுக் குடும்பங்களைத் திரட்டி 1957 இல் ஒரு நிதி அமைப்பு உண்டாக்கினார். அந்தக் காசில்தான் வைத்தியசாலை ஓடியது. கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் இருக்க முடியாத, அமெரிக்காவின் தென்பகுதி மாநிலத்தில், அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் இருந்தார்கள். குடும்பங்களிடம் காசு கேட்கவில்லை.

பிங்கல் சொன்னது இதுதான்: நோய் மூளையில் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. பிள்ளை சுகமாக ஓடித் திரியும்போதே, தலையிடி ஒன்றுமே இல்லாதபோதே, மூளைக்கும் சேர்த்து வைத்தியம் செய்துவிட வேண்டும். முதலில் குறைந்த அளவு கதிர்வீச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். சரிவரவில்லை. 1967–68 இல் தொடங்கிய ஐந்தாவது ஆய்வில் 35 பிள்ளைகள். தலைக்குக் கூடிய அளவு கதிர்வீச்சு. அதோடு மெதோட்ரெக்ஸேட்டை முதுகு வழியாக நேரே அந்த நீருக்குள் செலுத்தினார்கள். சுவரைத் தாண்ட முடியாத மருந்தைச் சுவருக்கு உள்ளேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு விடாமல் குளிசையும் ஊசியும்.

முன்பு பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மூளையில் நோய் திரும்பிக்கொண்டிருந்தது. இந்த வைத்தியத்தின் பின் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் முழுச் சுகம் அடைந்து பெரியவர்களாக வளரலாம் என்று உலகம் முதன்முதலாகக் கண்டது. வீட்டார் பயந்து மறித்த அந்த முதுகு ஊசி இந்த ஊசியின் வாரிசுதான்.

ஆனால் கதிர்வீச்சுக்கு ஒரு விலை இருந்தது. ஆசிரியர்களான எங்களுக்கு அது முக்கியம். தலைக்குக் கதிர்வீச்சுப் பெற்ற பிள்ளைகளில் பலருக்குப் பிற்காலத்தில் ஞாபகம், கவனம், கணக்கு எல்லாம் பின்தங்கின. சிலருக்கு வளர்ச்சி குன்றியது. சிலருக்குப் பல வருடம் கழித்து மூளையில் வேறு கட்டி வந்தது. ஆகவே வைத்தியர்கள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2009 இல் அதே சென்ட் ஜூட்டில் இருந்து ஒரு முடிவு வெளிவந்தது. 498 பிள்ளைகளுக்குத் தலைக்கு முற்தடுப்புக் கதிர்வீச்சு இல்லாமலே, முதுகு ஊசியையும் மற்ற மருந்துகளையும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். ஐந்து வருடத்தின் பின் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் உயிரோடு இருந்தார்கள். மூளையில் மட்டும் நோய் திரும்பியது நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவாக.

இதை யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் என்று நாம் பயப்படும் ஊசிதான், அதிகமான பிள்ளைகளின் தலையைக் கதிர்வீச்சில் இருந்து காப்பாற்றியிருக்கிறது.

"அது அமெரிக்கா, நம்மட பக்கம் நடக்குமா?" என்று கேட்பீர்கள். நடந்தது.

சென்னை அடையாறில் 1954 இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையம், டாக்டர் சாந்தாவின் காலத்தில் பிள்ளைகளுக்கென்றே தனி விடுதி வைத்தது. ஆனாலும் இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் தப்புவது அரிதாகத்தான் இருந்தது. 1984 இல் அடையாறு, பம்பாய் டாட்டா நிலையம், டில்லி எய்ம்ஸ் மூன்றும் சேர்ந்து, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத் என்ற வைத்தியரின் துணையோடு ஒரே வைத்திய முறையைத் தொடங்கின. எம்சிபி 841 என்று பெயர். பணக்கார நாட்டு முறையை அப்படியே இறக்காமல், நமது பக்கத்துப் பிள்ளைகளின் போசாக்கையும் கிருமித் தொற்றையும் வைத்தியசாலைகளின் வசதியையும் பார்த்து அமைத்தது. அதிலும் முதுகு ஊசியும் தலைக்கான வைத்தியமும் இருந்தன. சில வருடத்தில் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் தப்பத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் நடந்தது ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் நடந்தது.

நமது நாட்டில் மஹரகம வைத்தியசாலை இருக்கிறது. இன்று அதன் பெயர் அபேக்ஷா. எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள். அங்கே வைத்தியம் இலவசம். 2016 இல் கதீஜா பவுண்டேஷன் முன்னின்று அந்த வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கவென்று காசு சேர்த்தபோது சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் சில்லறையும் தாளுமாகக் கொடுத்து 20 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது நமக்கு ஞாபகம் இருக்கும். லெபனான்காரர்கள் மெம்பிஸில் செய்ததை நாமும் செய்யக்கூடியவர்கள்தான்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது: பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 வீதத்துக்கு மேல் சுகமடைகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30 வீதத்துக்கும் குறைவு. பிந்திக் கண்டுபிடிப்பதும், மருந்து கிடைக்காததும், பாதியில் நிறுத்துவதும் அதற்குரிய காரணங்களில் முக்கியமானவை. முதல் இரண்டிலும் நமது கை கொஞ்சம்தான். மூன்றாவதில் நமது கை முழுக்க இருக்கிறது.

ஆகவே ஊராருக்கு நாங்கள் சொல்ல விரும்புவது:

பிள்ளைக்கு முடி முளைத்துவிட்டது, முகம் தெளிந்துவிட்டது என்று வைத்தியத்தை நிறுத்தாதீர்கள். இரத்தம் சுத்தமான பிறகும் இரண்டு மூன்று வருடம் மருந்து கொடுப்பது வரம்பில் உள்ள களைக்காக. நிறுத்தும் நாளை வைத்தியர் சொல்லட்டும்.

முதுகு ஊசி கீழ் இடுப்புப் பக்கம் போடுவது. முள்ளந்தண்டு வடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. பிறகு ஒன்றிரண்டு நாள் தலையிடி, முதுகு நோவு இருக்கலாம். அது குறையாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள்.

வைத்தியம் எடுக்கும் பிள்ளைக்கு, அல்லது எடுத்து முடித்த பிள்ளைக்கு, காலைத் தலையிடி, காரணமில்லாத சத்தி, கண் சாய்தல், இரண்டிரண்டாகத் தெரிதல், முகம் கோணுதல், வலிப்பு எது வந்தாலும் அன்றைக்கே அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோய், பழைய நோயைச் சொல்லிக் காட்டுங்கள். மற்றப் பிள்ளைகளின் சாதாரணத் தலையிடிக்கு இதை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

கண்ணூறு கழியுங்கள், ஓதிப் பாருங்கள், துஆக் கேளுங்கள். நாங்களும் கேட்போம். ஆனால் ஓதிய தண்ணீருக்காக கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள். நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்று நம்புகிறவர்கள் நாம்.

நோய் மூளையில் திரும்பினாலும் கதை முடிந்தது என்று கைவிடாதீர்கள். திரும்ப மருந்து, கதிர்வீச்சு, என்பு மச்சை மாற்று என்று வழிகள் இருக்கின்றன. அப்படிச் சுகமானவர்களும் இருக்கிறார்கள். விசேடமாக, முதல் வைத்தியம் தொடங்கிப் பல மாதம் கழித்துத் திரும்பியிருந்தால் நம்பிக்கை கூட.

சக ஆசிரியர்களுக்கு: அப்படியான ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், கிளினிக்குக்குப் போகும் நாளை வரவின்மையாகப் பார்க்காதீர்கள். புலமைப்பரிசில் அடுத்த வருடமும் வரும், வராவிட்டாலும் பரவாயில்லை. வகுப்பில் யாருக்காவது கொப்புளிப்பான், சின்னமுத்து வந்தால் அன்றே அந்த வீட்டுக்கு அறிவியுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அது ஆபத்து. புற்றுநோய் ஒட்டாது என்று மற்றப் பிள்ளைகளுக்கும் அவர்களின் உம்மாமாருக்கும் சொல்லுங்கள். சுகமாகி வந்த பிள்ளை பாடத்தில் மெதுவாக இருந்தால் கள்ளம் என்று ஏசாதீர்கள். நாங்கள் ஏசினோம். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க எங்களுக்கு வழியில்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மஹரகமவுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் குடும்பம் நம் மஹல்லாவில் ஒன்று இருந்தால் பஸ் காசும், தங்கும் நாளில் வாப்பாவின் உழைப்பு நின்றுபோகும் நட்டமும் யார் பொறுப்பு என்று ஒரு கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். மருந்து இலவசம். பயணம் இலவசம் இல்லை. வைத்தியம் பாதியில் நிற்பது பலமுறை அந்தப் பஸ் காசில்தான்.

அந்த மகனின் உம்மாவை இப்போதும் சந்தையில் காண்போம். ஸலாம் சொல்வார், "சேர், சுகமா?" என்று கேட்பார். இந்தப் பதிவை எழுதலாமா என்று அவரிடம் கேட்டோம். "எழுதுங்க சேர், வேற ஒரு பிள்ளையாவது தப்பட்டும்" என்றார்.

அவருக்காக ஒரு துஆச் செய்துவிட்டு, பிள்ளை நோயோடு இருக்கும் ஒரு வீட்டாருக்காவது இதை அனுப்பிவிடுங்கள்.